விஆர் ஹெட்செட்டுக்கு ரெசல்யூஷன் நம்பர் மட்டும் போதாது, எங்கெல்லாம் தப்பு பண்றோம்னு பாருங்க

சிங்கப்பூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற சிம் லிம் ஸ்குவேர்ல விசாரிச்சாலும் சரி, பழைய பொருள் விக்கிற கரோசெல் ஆப்ல தேடுனாலும் சரி, விஆர் (கண்ணுல மாட்டிப் பாக்குற மெய்நிகர் திரை) வாங்குறவங்க முதல்ல கேக்குறது "ரெசல்யூஷன் எவ்ளோ"தான். கேக்கலாம், ஆனா அதோட நிறுத்திடாதீங்க.

2016ல வந்த மூணு ஹெட்செட்ட எடுத்துக்குங்க. எச்டிசி விவ், ஆக்குலஸ் ரிஃப்ட் ரெண்டுலயும் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 பிக்சல், சோனி பிளேஸ்டேஷன் விஆர்ல 960க்கு 1080தான். ஆனா போட்டுப் பாத்தா கொசுவலைக்குப் பின்னாடி இருந்து பாக்குற மாதிரி அந்தக் கட்டம் கட்டமா தெரியுறது சோனிலதான் கம்மி, ஏன்னா அதுல ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு பச்சை நீலம் மூணு புள்ளியும் முழுசா இருக்கு, மத்த ரெண்டும் பென்டைல்ங்கற வகை பேனல் (உள்ள இருக்குற திரை), ஒரு பிக்சலுக்கு ரெண்டு புள்ளிதான்.

லென்ஸ மறக்குறது அடுத்த தப்பு. மெட்டாவோட ஹெட்செட்டான குவெஸ்ட் 2ல, குவெஸ்ட் 3எஸ்ல இருக்குறது ஃப்ரெனல் லென்ஸ், அதாவது வளையம் வளையமா வெட்டுன லென்ஸ், அதுல நடுவுல தெளிவா இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக மங்கிடும். குவெஸ்ட் 3ல ஒளிய உள்ளயே மடிச்சு அனுப்புற தட்டையான பேன்கேக் லென்ஸ், ஓரம் வரைக்கும் எழுத்து படிக்கலாம். குவெஸ்ட் 2ல இருந்து பிக்சல் கூடுனது என்னமோ ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920ல இருந்து 2064க்கு 2208தான், ஆனா கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம் அதவிட ரொம்பப் பெருசு, அதுக்குக் காரணம் லென்ஸ்தான்னு நான் உறுதியா சொல்லுவேன்.

அக்கா மகன் ஹெட்செட்ட என் மாமா போட்டுப் பாத்துட்டு "என்னப்பா ஒரே மங்கலா இருக்கு"ன்னு கழட்டிட்டாரு. பாத்தா கண்மணி தூரம், அதாவது ரெண்டு கண்மணிக்கும் நடுவுல உள்ள தூரத்துக்கு ஏத்த மாதிரி வைக்கிற லென்ஸ் இடைவெளி, 68 மில்லிமீட்டர்ல இருந்துச்சு, 63க்கு மாத்தி ஸ்ட்ராப்ப பின்மண்டைல கொஞ்சம் இறக்கிக் குடுத்ததும் அரை மணி நேரம் கழட்டவே இல்ல. தயவுசெஞ்சு இத முதல்ல சரி பண்ணுங்க, காசே ஆகாது.

வீடியோ தெளிவா இல்லன்னாலும் ஹெட்செட்டையே திட்டாதீங்க. தைப்பூச ஊர்வலத்த சுத்தி எல்லாப் பக்கமும் தெரியுற 360 டிகிரி வீடியோவா 4கேல (அகலம் 3840 பிக்சல்) எடுத்துப் போட்டா, காவடி எடுக்குறவங்க முகம் ஏன் தெரியல? 3840 பிக்சல 360 டிகிரிக்குப் பிரிச்சா டிகிரிக்கு 11 கூட வராது. நல்ல பார்வை உள்ள கண்ணு 60 வரைக்கும் பிரிச்சுப் பாக்கும், குவெஸ்ட் 3 சுமார் 25 காட்டும், அப்போ குறை வீடியோலதான். கேமும் அப்படித்தான், குவெஸ்ட் 3ல வழக்கமா 1680க்கு 1760லதான் படம் வரையுது, பேனலோட முழு அளவுல இல்ல. கம்ப்யூட்டர்ல இருந்து வைஃபைல ஓட்டுறவங்க கம்ப்யூட்டர ரவுட்டரோட கேபிள்ல இணைங்க, ரவுட்டர் நீங்க விளையாடுற ரூம்லயே இருக்கணும், இல்லன்னா படம் கட்டம் கட்டமா உடையும்.

இன்னொன்னு, எச்டிபி அடுக்குமாடி வீட்டுல ஜன்னல் ஓரமா ஹெட்செட்டோட லென்ஸ் மேல் பக்கம் பாக்குற மாதிரி வச்சிடாதீங்க. வெயில் லென்ஸ் வழியா குவிஞ்சு கொஞ்ச நேரத்துலயே பேனல சுட்டுடும், அந்தக் கறை போகவே போகாது. அதனால பழசு வாங்குறவங்க எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல்ல பெட்டிய மட்டும் பாத்துட்டுப் பணம் குடுக்காம, ஆன் பண்ணி, வெள்ளை ஸ்கிரீன் வச்சு, ரெண்டு கண்ணுலயும் கறை இருக்கான்னு தனித்தனியா பாத்துட்டு வாங்குங்க.