கணினி ஓடவில்லையா? கடைக்குத் தூக்குவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பல வீடுகளில் இன்று மேசைக் கணினி இருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பிள்ளைகளின் வகுப்பு வீட்டுக்குள் நுழைந்தபோது அவசரமாக வாங்கியவை அதில் நிறைய. ஏதோ ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு செகண்ட் ஹேண்டில் நம் கைக்கு வந்தவை. இப்போது அவை ஒவ்வொன்றாக மக்கர் செய்கின்றன. "அண்ணே, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு, புதுசுதான் வாங்கணுமா?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான். செத்துப்போச்சு என்று என்னிடம் வருகிற பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் இருக்கிறது. வயர் தளர்ந்திருக்கும், ரேம் என்ற நினைவகத் தகட்டில் அழுக்கு ஏறியிருக்கும், சில வெள்ளிக்குக் கிடைக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஈப்போவரை போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டு மேசையிலேயே கண்டுபிடிக்கலாம்.

அதற்கு இரண்டு ஒழுங்கு வேண்டும். வெளியிலிருந்து உள்ளே போங்கள்: முதலில் சுவர் சாக்கெட், அப்புறம் வயர், அப்புறம்தான் பெட்டிக்குள். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கு இடத்தில் கை வைத்த பிறகு கணினி ஓடினால் எது கெட்டிருந்தது என்றே தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்.

தேவையான சாமான்கள்: ஒரு ஸ்டார் திருப்புளி, காய்ந்த சின்ன பெயிண்ட் பிரஷ், ரப்பர் ஊதி, பள்ளிப் பிள்ளையின் வெள்ளை அழிப்பான், வெளிச்சத்துக்குக் கைப்பேசி. அந்தக் கைப்பேசியிலேயே, எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்ற குழப்பம் வராது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

சுவரில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகு கணினியின் பவர் பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு தடவை தொடுங்கள். உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் ரேமுக்குள் பாயாமல் இருக்க இது.

ஒரு பாகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பின்பக்கம் மின்வயர் செருகும் அந்த உலோகப் பெட்டி, அதாவது பவர் சப்ளை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். கெட்டுவிட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே இல்லை

விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. முதலில் அதே சாக்கெட்டில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் கோளாறு வீட்டு வயரிங்கில்; மெயின் பெட்டியில் ஏதாவது சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். சாக்கெட்டில் கரண்ட் இருந்தால் கணினியின் பின்பக்கம் போங்கள். பவர் சப்ளையில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், கோடும் வட்டமும் போட்டிருக்கும். கோடு பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு இது அணைந்துவிடுவது உண்டு.

பழைய பவர் சப்ளை சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது 230-இல்தான் இருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். அதை 115-க்குத் தள்ளிவிட்டு சுவிட்சைத் தட்டினால் படீர் என்று வெடித்துப் புகை வரும். பிள்ளைகள் விளையாட்டாகத் தொடாதபடி மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது வயர். பெரும்பாலான மானிட்டர்களின் மின்வயரும் கணினிப் பெட்டியின் மின்வயரும் ஒரே மாதிரிதான். இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது கணினி எழுந்து, மானிட்டர் இருண்டுவிட்டால், கெட்டது வயர். அந்த வயரின் மூன்று முனை பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. பல நேரம் எரிந்திருப்பது அதுதான். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். பழைய ஃபியூஸில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள், பெரியது வாங்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு முனை பிளக்கைச் செருக, சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்த மேல் துளை எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பும் வழி. கணினிக்கு எர்த் கட்டாயம். பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது விரலில் மெல்லிய சுருக்கென்ற அதிர்வு தெரிகிறதா? எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பழைய லயத்து வீடுகளிலும், ஒன்றன்பின் ஒன்றாக எக்ஸ்டென்ஷன் போட்ட வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அப்போதும் சுருக்கென்றால் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

வயர் நல்லது, சுவிட்சும் சரி, அப்போதும் சலனமில்லை என்றால் பவர் சப்ளை போயிருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும்போது கவனம்: அலுவலகங்களிலிருந்து வரும் சிறிய ரகக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் வயர் முனைகளும் அந்த மாடலுக்கே உரியவை. கடையில் கிடைக்கும் பொதுவானது உள்ளே உட்காராது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

அடிக்கடி வரும் கோளாறு இதுதான், ஆட்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். மானிட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். அதன் பொத்தானை அழுத்தினால் 'நோ சிக்னல்' என்று ஏதாவது எழுத்து வருகிறதா? வந்தால் மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது. அதன் மெனுவில் எந்த வழி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள், மானிட்டர் வயரில் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. என்று வகைகள் உண்டு; வயர் எச்.டி.எம்.ஐ.-இல் செருகியிருக்க, மானிட்டர் வி.ஜி.ஏ.-வை எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம். பெட்டியின் பின்னால், திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் வயர் அந்தக் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும். மேலே மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் பெரிய பலகையில், அதே வடிவத் துளை இருக்கும், அதில் செருகிவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் படம் வராது.

இதெல்லாம் சரி என்றால் ரேம். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் கூடுதல். ரேமின் அடியில் உள்ள தங்க நிறப் பற்கள் மேல் மெல்லிய படலம் படிந்து, மதர்போர்டோடு தொடர்பு விட்டுப்போகிறது. ஒரு விரல் தூரத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பற்கள் பளிச்சென்று இல்லாமல் தேநீர்க் கறை போல மங்கியிருக்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். நீளமான பச்சை அல்லது கறுப்புத் தகடு ஒன்றோ இரண்டோ நின்றுகொண்டிருக்கும். அதுதான் ரேம்.
2. இரு முனைகளிலும் உள்ள பிளாஸ்டிக் பிடியை வெளிப்பக்கம் தள்ளுங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் பிடி அசையும். ரேம் தானாக மேலே எழும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், பற்களில் விரல் வைக்காதீர்கள்.
3. வெள்ளை அழிப்பானால் பற்களை இரு பக்கமும் மென்மையாகத் தேயுங்கள். அழிப்பான் துகளைப் பெட்டிக்கு வெளியே வைத்து பிரஷால் தட்டிவிடுங்கள்.
4. ரேமின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். சாக்கெட்டில் உள்ள மேடும் அந்த வெட்டும் ஒன்றாகப் பொருந்தும்படி வைத்து, இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டு, பிடி தானாக மூட வேண்டும். மூடவில்லை என்றால் இன்னும் உட்காரவில்லை.

புதிதாகச் செய்பவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். நேராக அழுத்தும்வரை கொஞ்சம் பலம் கொடுக்கலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒன்றில் எழுந்து மற்றதில் எழவில்லை என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. வேறு ரேம் வாங்கும்வரை நல்லதை வைத்தே பிள்ளையின் பாடம் நடக்கட்டும்.

பவர் போட்டதும் 'பீப் பீப்' என்று சத்தம் வந்தால், எத்தனை பீப், நீளமா குட்டையா என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் மாடலின் பெயரோடு சேர்த்து இணையத்தில் தேடினால் எந்த பாகம் என்று சொல்லிவிடும்.

கொஞ்ச நேரம் ஓடி, தானாக அணைகிறது

இது சூடு. கணினியின் மூளையான பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கணினியே அணைந்துவிடும். செம்மண் பாதை ஓரத்து வீடுகளில் பெட்டியைத் திறந்தால், விசிறிக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கு முழுவதும் சிவப்பு மெத்தை மாதிரி தூசு அடைத்திருக்கும். விசிறி சுற்றினாலும் காற்று போக வழியில்லை.

காய்ந்த பிரஷால் தள்ளி, ரப்பர் ஊதியால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் வேகத்துக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும். மோட்டார் சைக்கிள் பட்டறையில் கொடுத்து கம்பிரஸர் காற்றடிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். வீட்டுத் தூசுறிஞ்சியையும் உள்ளே விடாதீர்கள், அதன் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும்.

சுத்தம் செய்தும் அணைகிறதென்றால், பிராசஸருக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையில் உள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். முதல் தடவை அதைத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். உள்ளே எறும்புக் கூடோ பல்லி முட்டையோ இருந்தால் பிரஷால் எடுத்துவிடுங்கள், பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள். பெட்டியைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, சுவரை ஒட்டாமல் வைத்தாலே தூசு பாதி குறையும்.

தேதி, நேரம் தினமும் தப்பாகக் காட்டுகிறது

மதர்போர்டில் பத்துக் காசு நாணயம் மாதிரி உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. எண் பெரும்பாலும் சி.ஆர். 2032, 3 வோல்ட். மாற்றினால் முடிந்தது. தேதி தப்பாக இருந்தால் பல இணையத்தளங்கள் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கும். அதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே அழித்துப் போட்டவர்கள் உண்டு.

விசைப்பலகையோ மவுஸோ வேலை செய்யவில்லை என்றால், பின்பக்கத் துளைக்கு மாற்றிச் செருகிப் பாருங்கள். முன்பக்கத் துளைகள் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்: இங்கே மட்டும் அவசரம் காட்டுங்கள்

'பூட் டிவைஸ்', அதாவது விண்டோஸ் உள்ள டிஸ்க், கிடைக்கவில்லை என்று திரையில் வந்தால், முதலில் யு.எஸ்.பி. பென் டிரைவ் எதுவும் செருகி மறந்திருக்கிறீர்களா பாருங்கள். அப்புறம் ஹார்ட் டிஸ்கின் இரண்டு வயர்களையும் கழற்றித் திரும்ப இறுக்கமாகச் செருகுங்கள்.

ஆனால் 'டிக், டிக்' என்று ஒரே சீரான சத்தம் கேட்டால், அல்லது ஒரு கோப்பைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனால், பழுது பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். டிஸ்க் சாகும் அறிகுறி அது. எந்தச் சோதனை மென்பொருளையும் ஓட்டாதீர்கள், ஒவ்வொரு ஓட்டமும் அதை இன்னும் தேய்க்கும். இன்னும் திறக்க முடிகிறதென்றால் கல்யாணப் படங்கள், பிள்ளையின் எஸ்.பி.எம். தேர்வுப் பாடக் குறிப்புகள், சான்றிதழ் ஸ்கேன்களை அன்றைக்கே வேறோர் இடத்துக்கு நகல் எடுங்கள். டிஸ்கை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பாட்டியின் படம் எந்தக் கடையிலும் கிடைக்காது. திறக்கவே முடியவில்லை என்றால் பவரை அணைத்து, அப்படியே தரவு மீட்பவரிடம் கொடுங்கள். மாற்றும்போது எஸ்.எஸ்.டி. என்ற, சுழலும் தட்டு இல்லாத டிஸ்கை வாங்குங்கள், பழைய கணினியும் சுறுசுறுப்பாகிவிடும்.

மாலை இடி

உலகில் இடி மின்னல் அதிகம் உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பிற்பகலில் மேகம் கறுத்ததுமே பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் வந்துவிட்டால், மேலே சொன்னவற்றில் சில கோளாறுகள் வராது. சுவிட்சை அணைத்தால் மட்டும் மின்னல் நிற்காது, சுவிட்சுக்குள் உள்ள சின்ன இடைவெளியைத் தாண்டி வந்துவிடும். இணையப் பெட்டியிலிருந்து கணினிக்கு வரும் நெட்வொர்க் வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இணையப் பெட்டியின் அடாப்டர் வழியாக வருவது அந்த நெட்வொர்க் வயரில் ஏறி மதர்போர்டுக்குப் போகும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கில் கை வைக்காதீர்கள், முன்கூட்டியே செய்யுங்கள்.

திடீர் மின் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைத்திருப்பவர்களும் பிடுங்கத்தான் வேண்டும். அதற்குள் உள்ள தடுப்பான் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும். அதன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், காவல் இருக்காது.

கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால்

மானிட்டர், விசைப்பலகை, வயர் எதுவும் வேண்டாம், பெட்டியை மட்டும் எடுத்துப்போங்கள். "ஓடல" என்று மட்டும் சொல்லாமல், என்ன செய்து பார்த்தீர்கள், எதில் மாற்றம் தெரிந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பழுதுபார்ப்பவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குக் கூலி மிச்சம். கோளாறு டிஸ்கில் இல்லை என்று தெரிந்தால், அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். தேவையென்றால் அவரே கேட்பார். விலையை முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பத் தரச் சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.