வன்னியில் வாடகை வீடும் காணித் தரகும்: இரண்டையும் ஒரே ஆள் செய்வது எப்படி

கிளிநொச்சி கனகபுரத்தில் என்னுடைய இரண்டு வீடுகள் வாடகைக்கு இருக்கின்றன. அதோடு பரந்தன் தொடக்கம் மாங்குளம் வரை காணி, வீடு விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் நடுவில் நின்று தரகும் பார்க்கிறேன். இதே இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய நினைக்கும் பெண்கள் சிலர் "அக்கா, எங்கே தொடங்குவது?" என்று கேட்டு வருகிறார்கள். கூரைக்கு ஓடு நல்லதா, ஷீற் நல்லதா என்பதில்தான் பேச்சுத் தொடங்கும். குரங்குத் தொல்லை உள்ள இடமென்றால் ஷீற்தான், அதில் பெரிய யோசனை தேவையில்லை. நான் முதலில் சொல்ல விரும்புவது வேறு. வீட்டுக்காரியும் தரகரும் ஒரே ஆளாக இருந்தால், ஒருவருக்கு நல்லது மற்றவருக்குக் கூடாமல் போகும் இடங்கள் வரும். அந்த இடங்களில் என்ன செய்வதென்று முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருக்க வேண்டும்.

இது என் வீடு என்று முதலிலேயே சொல்லுங்கள்

அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. பக்கத்திலேயே ஆடைத் தொழிற்சாலை. இது போக, மாற்றலாகி வரும் வங்கி உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள். வாடகைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒரு தாய் அழைத்து, "பிள்ளைக்கு ஒரு அறை பார்த்துத் தாங்கோ" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அந்த நேரம் உங்கள் அறையும் காலியாக இருக்கிறது. அவர் உங்களைத் தரகராக நம்பிக் கேட்கிறார், நீங்களோ வீட்டுக்காரியாகப் பதில் சொல்லப் போகிறீர்கள்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. என் அறையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் வசனத்திலேயே "இது என் சொந்த வீடு" என்று சொல்லிவிடுவேன். வேறு ஆட்களின் அறைகளில் குறைந்தது இரண்டையாவது காட்டாமல் என்னுடையதைக் காட்ட மாட்டேன். என் வீட்டுக்கு வருபவரிடம் தரகுக் காசு வாங்குவதே இல்லை. பக்கத்து வீட்டு அறை அந்தப் பிள்ளைக்கு வசதியென்றால், என் அறை இன்னொரு மாதம் பூட்டிக் கிடக்கட்டும். கிளிநொச்சி சின்ன ஊர். யாருடைய வீடு என்று மறைத்தால் அடுத்த நாள் கடையில் பாண் வாங்கும்போதே அந்தத் தாய்க்குத் தெரிந்துவிடும்.

விற்கச் சொன்ன காணியை நீங்களே வாங்க ஆசைப்பட்டால்

இதுதான் மிகக் கடினமான இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வன்னிக் காணிகளின் சொந்தக்காரர் பலர் கனடாவிலும் சுவிஸிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். சிலர் போருக்கு முன் ஊரை விட்டுப் போனவர்கள். ஏ9 வீதிக் கரையில் காணி என்ன விலை போகிறது, உள்ளே குச்சொழுங்கையில் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். "தங்கச்சி, நீ பார்த்து ஒரு விலைக்குக் குடு" என்பார்கள். அந்தக் காணி உங்கள் வளவுக்கு அடுத்ததாக இருக்கும், இன்னொரு வாடகை வீடு கட்டத் தோதாகவும் இருக்கும்.

வாங்க விருப்பமென்றால் அந்த நிமிடமே தரகு வேலையை விட்டுவிடுங்கள். "அண்ணை, இதை நானே வாங்க நினைக்கிறேன். அதனால் விலையை என்னிடம் கேட்க வேண்டாம்" என்று வட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள். வேறு இரண்டு தரகர்களிடமாவது, முடிந்தால் வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து கொடுப்பவர் ஒருவரிடமும் அவரை விலை கேட்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர் சொல்லும் விலை உங்களுக்குக் கட்டாவிட்டால் ஒதுங்கி, வேறு தரகரிடம் விட்டுவிடுங்கள். மச்சான் பெயரிலோ தம்பி பெயரிலோ வாங்குவதும் நீங்கள் வாங்குவதும் ஒன்றுதான். இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் விட்டுப் போன ஒருவரிடம் எஞ்சியிருக்கும் காணி அது. விலை தெரியாத அவரிடம் அதைக் குறைத்து வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

பத்திரத்தைப் பார்த்த பிறகே விளம்பரத்துக்குப் படம் எடுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழகிய தரகர்கள் இங்கே வந்து தடுமாறுவது பத்திர விஷயத்தில். அங்கே பெரும்பாலும் உறுதிக் காணி, அதாவது சொந்தக்காரர் பெயரில் உறுதி எழுதிய தனியார் காணி. இங்கே இரணைமடுக் குளத்தை ஒட்டிய குடியேற்றத் திட்டங்களில் பெரும்பகுதி பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு கொடுத்த காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. அதைப் பெர்மிட்காரர் தன் விருப்பத்துக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்றினால், வாங்கியவரிடம் மிஞ்சுவது வெள்ளைத்தாள் மட்டும். ஜெயபூமி, சுவர்ணபூமி போன்ற அரச அளிப்புப் பத்திரம் பெர்மிட்டை விட மேல், ஆனாலும் அதற்கும் நிபந்தனைகள் உண்டு. முதலில் பத்திரத்தோடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள்.

உறுதிக் காணியென்றால் காணிப் பதிவகத்தில் தேட வேண்டும். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதனால் பழைய உறுதிகளில் யாழ்ப்பாண மாவட்டம் என்றே இருக்கும். அதைப் பார்த்து வாங்குபவர் பயந்தால் காரணத்தை விளங்கப்படுத்துங்கள். பழைய பதிவை எங்கே தேடுவது என்று உறுதி எழுதும் நொத்தாரிசைக் கேளுங்கள். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட, பலருக்குப் பங்குள்ள காணியென்றால் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, அதற்கு 1947 இலேயே சட்டம் வந்துவிட்டது. அவர்களுக்கு அறிவிக்காமல் வெளி ஆளுக்கு விற்றால் பிறகு வழக்கு வரும். தேசவழமைக்கு உட்பட்டவர்களில், மனைவி பெயரில் உள்ள காணியை விற்கக் கணவரின் சம்மதமும் வேண்டும். இதை நான் விரும்பிச் சொல்லவில்லை, சட்டம் அப்படி இருக்கிறது.

அற்றோணித் தத்துவத்தோடு, அதாவது சொந்தக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரத்தோடு வருபவரிடம் முதல் கேள்வி: தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள். வீடியோவில் அவரோடு ஒருமுறை பேசுங்கள்.

"முப்பது வருடமாக இருக்கிறோம், காணி எங்களுடையதுதான்" என்று சொல்பவர்களும் வருவார்கள். தனியார் காணியில், சொந்தக்காரருக்கு எதிராகப் பத்து வருடம் ஆண்டு அனுபவித்தவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். அரச காணியில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த உரிமை வராது. மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் மலையகத்திலிருந்து வன்செயல்களுக்குத் தப்பி வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. பத்திரம் இல்லாமல் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட வளவைக் காலி செய்து தரச் சொல்லி வரும் வேலையை நான் எடுப்பதில்லை, எவ்வளவு தரகு தந்தாலும்.

காணியை இரண்டு காலத்தில் பாருங்கள். ஆவணியில் கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, உவர்க்கிறதா என்று தெரியும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் எதுவரை வருகிறது என்று தெரியும். 2018 மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்தபோது எந்த ஒழுங்கை வெள்ளத்தில் மூழ்கியது என்று அயலில் கேட்டால் சொல்வார்கள். முகமாலைப் பக்கமென்றால் கண்ணிவெடி அகற்றி முடித்துக் கையளித்த இடமா என்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

வாடகை ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும்

"தெரிந்த பிள்ளைகள்தானே, எழுத்து எதற்கு?" என்ற பேச்சை இந்த ஊரில் நிறையக் கேட்கலாம். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மீட்க 2023 இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது, அதற்கும் முறையான ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசைச் செலவாக நினைக்காதீர்கள்.

மாதா மாதம் பற்றுச்சீட்டு கொடுங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு அது பாதுகாப்பு. உங்களுக்கும்தான், உங்கள் அனுமதியோடுதான் அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. வாக்காளர் இடாப்பில் அவர் உங்கள் முகவரியைப் போட்டால் வீடு பறிபோய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். போகாது. விதானையிடம் (கிராம சேவையாளர்) பதியக் கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அது அவர்களின் உரிமை.

மாணவர்களுக்கு விடும்போது விடுமுறை மாதங்களுக்கு வாடகை உண்டா, இல்லையா என்று முதல் நாளே பேசி எழுதுங்கள். நான் பாதி வாங்குகிறேன். கரண்ட் மீற்றரின் இலக்கத்தைத் திறப்புக் கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் இரண்டு பேருமாக நின்று படம் எடுங்கள். கிணறு இறைப்பது, மலக்குழி எடுப்பது, கறையானுக்கு மருந்தடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் செலவு. மாரிக்கு முன் செய்து முடித்துவிடுங்கள், மழை தொடங்கினால் ஆள் கிடைக்காது.

மற்றவர்களின் காசு

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளையும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், வாடகையும் வாங்கி வைப்பீர்கள். அதற்கு வங்கியில் தனிக் கணக்குத் திறவுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கொப்பி போடுங்கள். காணி விற்பனை இல்லாத மாதங்களில் கை அந்தக் கணக்குப் பக்கம் போகும். அதற்காகத்தான் உங்கள் சொந்த வாடகையில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஆடி, ஆவணி விடுமுறைக்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்து காணி பார்ப்பார்கள், அந்த நேரம் நாலு காசு வரும். மற்ற மாதங்களைக் கொண்டு ஓட்டுவது வாடகைதான்.

நீங்கள் வீடு பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டை விற்கச் சொல்லும்போது, அங்கே வாடகைக்கு இருப்பது நீங்களே கொண்டுவந்து குடியமர்த்திய குடும்பமாக இருக்கலாம். வாங்குபவரைத் தேடுவதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் போய்ச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலம் முடியும் வரை அவர்கள் இருக்கலாம் என்பதைச் சொந்தக்காரருக்கும் வாங்க வருபவருக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். அவர்களுக்கே வாங்க விருப்பமா என்றும் கேளுங்கள், சில வேளை தவணை முறையில் முடியும். பிள்ளைகளுக்குச் சோதனை நேரமென்றால் வீடு காட்டுவதை அது முடியும் வரை தள்ளிப் போடுங்கள். எந்த நாளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அந்த வீட்டு அம்மாவிடமே கேட்டு நாள் குறியுங்கள்.