ஆட்-ஆன் போடும் மரை திரையில் பொருந்தும், கையில் ஏறாது

ஃப்ரீகேட் என்ற 3டி வரைகலை மென்பொருளில் ஃபாஸ்டனர்ஸ் ஆட்-ஆன் (போல்ட்டு, நட்டு தரும் துணை நிரல்) இருந்தால் 8 மி.மீ. விட்டமுள்ள எம்8 போல்ட்டு இரண்டு கிளிக்கில் வந்துவிடும். தண்டு மரையில்லாமல் மொழுக்கென்று இருக்கிறதே என்று பலர் உடனே பண்புகளில் ‘த்ரெட்’டை ஆன் செய்துவிடுகிறார்கள். மரை இல்லாதது மறந்து விட்டது அல்ல, வேண்டுமென்றே விட்டது. மரை ஒவ்வொன்றும் சுருள் பரப்பு. நாற்பது போல்ட்டு உள்ள அசெம்பிளியில் ஆன் செய்தால் ரீகம்ப்யூட் (மாடலை மறுபடி கணக்கிடுவது) முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். டேப்பிலோ (மரை வெட்டும் கருவி) லேத்திலோ வெட்டப்போகும் மரைக்கு, படத்தில் எம்8×1.25 (1.25 மி.மீ. என்பது பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள தூரம்) என்று குறித்தாலே ஆபரேட்டருக்குப் போதும். 3டி பிரிண்டுக்குத்தான் மரையை நிஜமாக வரைய வேண்டியிருக்கும்.

பெரிய சிக்கலும் அங்கேதான். மரை வரையும் பல ஸ்கிரிப்ட்டுகள் தருவது ஏட்டளவான வடிவம்: 60 டிகிரி கோணம், வெளிவிட்டம் அச்சாக 8 மி.மீ. நட்டையும் அதே கணக்கில் போட்டால் இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. 6ஜி என்ற துல்லியத் தரத்தில் வெட்டும் உலோக எம்8 போல்ட்டுக்கே குறைந்தது 0.028 மி.மீ. விட்டுக்கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் பிரிண்டருக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? போல்ட்டின் விட்டத்தில் 0.3 மி.மீ. குறைத்து, ஒரு சின்னத் துண்டு அடித்துப் பாருங்கள்.

குறைப்பதை ஸ்கிரிப்ட்டிலேயே செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக ஸ்லைசரில் (மாடலைப் பிரிண்டருக்கு அடுக்குகளாக வெட்டித் தரும் மென்பொருள்) நட்டை 102 சதவீதமாகப் பெரிதாக்கினால் பிட்ச்சும் 1.25-லிருந்து 1.275 ஆகிவிடும். பத்துச் சுற்றில் கால் மி.மீ. விலகல். முதல் சில சுற்று ஜோராக ஏறும், அப்புறம் இறுகிக்கொள்ளும். பிரிண்டர் மீது பழி விழும், பாவம்.

குழாய் மரைக்கு ‘அரை இஞ்ச்’ என்று 12.7 மி.மீ. கொடுப்பது இன்னொரு வழக்கமான சறுக்கல். அரை இஞ்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரைத் தரம்) மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ.; கோணமும் 60 அல்ல, 55.

சொந்தமாக மேக்ரோ (ஃப்ரீகேடுக்குள் ஓடும் சின்ன நிரல்) எழுதுபவர்கள், மரை வெட்டச் சுருள் வழியே ஓட்டும் முக்கோணத்தின் அடி அகலத்தைப் பிட்ச் அளவுக்கே வைத்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த சுற்றுகள் விளிம்பில் உரசும். உருளையிலிருந்து அந்தச் சுருளைக் கழிக்கும் பூலியன் கழித்தல் அங்கேயே படுத்துவிடும். 1.25-க்குப் பதில் 1.24 வையுங்கள். முக்கோணத்தின் அடி உருளையின் பரப்போடு ஒட்டி நிற்காமல் இம்மியளவு வெளியே நீட்டியிருக்கட்டும். கழித்து முடித்ததும் ஃப்ரீகேடின் பார்ட் பெஞ்சில் ‘செக் ஜியாமெட்ரி’ (வடிவத்தில் பிழை இருக்கிறதா என்ற சோதனை) ஓட்டிவிட்டு, அதன் பிறகு பிரிண்டுக்கான எஸ்டிஎல் கோப்பை எடுங்கள்.