கனடாப் பெட்டியில் வந்த வீ: கொழுவுவதும் முதலில் விளையாட வேண்டியவையும்

ரொறன்ரோவில் இருக்கும் மாமா கப்பலில் போட்ட பெட்டி வந்தது. சொக்லேற், ரீசேட், சப்பாத்து எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிண்டெண்டோ வீ, ரீவியில் கொழுவி விளையாடும் வீடியோ கேம் கருவி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி யார் அதைத் தொடப்போகிறார்கள் என்று அனுப்பிவிட்டார். 2006இல் வெளிவந்த சாமான்தான். ஆனால் கையை வீசினால் ரீவிக்குள் பந்து உருளுவதை முதன்முதல் பார்க்கிறவருக்கு அதன் வயதா கண்ணில் படும்? இப்படிப் பெட்டியில் வந்த வீ உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் தூங்கினால் இறக்குங்கள்.

1. பிளக்கைக் குத்த முதல் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள்

கனடா, அமெரிக்க அடப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும். ஜப்பானில் இருந்து வந்தது என்றால் 100. நம் சுவரில் வருவது 230. நான் பார்க்கவில்லை. தட்டைக் கம்பிகள் சொக்கற்றுக்குள் போகாததால் மல்ரி பிளக் ஒன்றை மாட்டிக் குத்தினேன். 'டப்' என்றது, ஒரு கருகல் மணம், அவ்வளவுதான். செத்தது அடப்டர் மட்டும் என்பது அடுத்த கிழமைதான் தெரிந்தது.

வீக்குள் போவது 12 வோல்ட், 3.7 அம்பியர். அதனால் ஐரோப்பிய வீயின் அடப்டர் கனடா வீக்கும் சரிவரும். லண்டன் சித்தி ஊருக்கு வந்தபோது பழையது ஒன்றைக் கொண்டுவந்தார். 230ஐ 110 ஆக்கும் ட்ரான்ஸ்போமரும் போடலாம், 100 வாட் போதும். எனக்கு அது பிடிக்காது. பாரம், சூடு, போதாததற்கு வீட்டில் யாராவது ஒருநாள் அதை விட்டுவிட்டு நேரே சுவரில் குத்துவார்கள்.

2. ரீவி

மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கொழுவுங்கள். வீயில் எச்.டி.எம்.ஐ. கிடையாது. புது ரீவியில் அந்த மூன்று துளையும் இல்லையென்றால், வீயின் பின்பக்கம் குத்துகிற சின்னக் கொன்வேட்டர் வாங்கலாம். 'ஃபுல் எச்.டி.' என்று சொல்லிக் கூட விலை கேட்டால் கொடுக்காதீர்கள், கனடா வீ தருவது அதிகபட்சம் 480 வரிதான்.

ரிமோட் வீயோடு இணையாவிட்டால் பற்றரி மூடிக்குள் உள்ள சிவப்புப் பொத்தானையும், வீயின் முன்பக்கம் எஸ்.டி. அட்டைக் கதவுக்குள் உள்ள சிவப்புப் பொத்தானையும் அடுத்தடுத்து அழுத்துங்கள்.

3. சென்சர் பார் (இதில்தான் எனக்கு இரண்டு கிழமை போனது)

ரீவிக்கு மேலோ கீழோ வைக்கிற அந்தக் கறுப்புக் குச்சியின் பெயரை நம்பாதீர்கள். அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். பார்ப்பது ரிமோட். அதன் மூக்கில் ஒரு சின்னக் கமரா இருக்கிறது. இரண்டு ஒளிப்புள்ளியும் எங்கே தெரிகின்றன என்பதை வைத்துத்தான் நீங்கள் திரையில் எங்கே காட்டுகிறீர்கள் என்று கணக்குப் போடுகிறது. கையை வீசுவதை அறிவது வேறு, அது ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானியின் வேலை.

இது தெரியாமல் நான் பட்ட பாடு. திரையில் ஓடும் அந்தக் கை அடையாளம் சில நாள் ஒழுங்காக நிற்கும், சில நாள் வெருண்ட பூனை மாதிரிப் பாயும். பற்றரி மாற்றினேன், உணர்திறனைக் கூட்டிக் குறைத்தேன். கடைசியில் தங்கச்சிதான் கேட்டாள்: "அண்ணா, வெள்ளிக்கிழமை மட்டும்தானே இப்படி நடக்குது?"

எங்கள் ரீவிக்குப் பக்கத்துத் தட்டில் சாமிப்படம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா அதற்கு முன்னால் விளக்கேற்றுவார். சுடரிலும் அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. ரிமோட்டுக்கு அது மூன்றாவது புள்ளி. விளக்கை நூர்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை, ரீவியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். ரீவிக்குப் பின்னால் யன்னல் இருந்து வெயில் அடித்தாலும் இதே தொல்லைதான்.

பார் எரிகிறதா என்று பார்க்க, போனின் முன்கமராவால் பாருங்கள். பெரும்பாலான போனில் ஊதாப் புள்ளிகள் தெரியும். ரீவிக்கு மேல் வைத்தீர்களா கீழ் வைத்தீர்களா என்பதை செற்றிங்ஸில் சொல்ல மறக்காதீர்கள். ஆள் நிற்க வேண்டியது ஒன்று முதல் மூன்று மீற்றர் தூரத்தில்.

4. இனி விளையாட்டு

ஒரு எச்சரிக்கை: கனடா வீயில் கனடா, அமெரிக்க டிஸ்க்தான் ஓடும். சித்தி அடப்டரோடு ஆசையாகக் கொண்டுவந்த இரண்டு லண்டன் டிஸ்க்கும் சும்மா கிடக்கின்றன. இணையக் கடையை 2019இலேயே மூடிவிட்டார்கள், ஆகவே புதிதாக வாங்குவதென்றால் டிஸ்க் ஒன்றே வழி.

வீ ஸ்போர்ட்ஸில் தொடங்குங்கள். டெனிஸ், பேஸ்போல், போலிங், கோல்ஃப், பொக்சிங் என்று ஐந்து. முதல்நாள் போலிங் மட்டும் போடுங்கள். ஒரே ரிமோட்டை நாலு பேர் மாறி மாறிப் பிடித்து விளையாடலாம், கதிரையில் இருந்தபடியும் எறியலாம். அம்மம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பின்னால் இருக்கும் பொத்தானை அமத்திப் பிடியுங்கோ, கையை முன்னுக்கு வீசேக்க விடுங்கோ. மூன்றாவது எறியில் பத்துக் கட்டையும் விழுந்தது. அன்றிலிருந்து ரிமோட்டைத் திருப்பி வாங்குவதுதான் கஷ்டம். டெனிஸுக்கு ஆளுக்கொரு ரிமோட் வேண்டும். கைப்பட்டியை மணிக்கட்டில் மாட்டாமல் யாரையும் ஆட விடாதீர்கள். நிண்டெண்டோவே 2006 டிசம்பரில், பட்டி அறுகிறது என்று 32 லட்சம் பட்டிகளை மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் வீட்டில் பட்டி தப்பியது, சேர்வ் போட்ட மருமகனின் கை சீலிங் ஃபானில் பட்டது.

அடுத்தது மரியோ கார்ட் வீ. நாலு பேர் ஓடலாம், ரிமோட்டையே ஸ்ரியரிங் மாதிரிப் பிடித்தால் போதும். அதற்கென்று விற்கிற வெள்ளைச் சக்கரம் வெறும் பிளாஸ்ரிக் கூடு, உள்ளே ஒன்றுமில்லை. காசை இரண்டாவது ரிமோட்டுக்கு வையுங்கள். ஓடும்போது சென்சர் பார் தேவையில்லை என்பதால் வெள்ளிக்கிழமைக்கும் உகந்தது.

நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ பொறுமையுள்ள குடும்பங்களுக்கு. நாலு பேரும் ஒரே திரையில் ஒருவரை ஒருவர் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். மரியோ கலக்ஸி எனக்கு உயிர், ஆனால் அது தனியாள் விளையாட்டு, ரிமோட்டில் இருந்து வயரில் தொங்கும் நன்சக் என்ற மற்றக் கைப்பிடியும் வேண்டும். பிறகு பார்க்கலாம்.

வீ ஸ்போர்ட்ஸ் ரிசோர்ட்டில் வாள்வீச்சும் அம்பெய்தலும் அருமை. ஆனால் அதற்கு, கை அசைவை இன்னும் நுணுக்கமாக அறியும் மோஷன் பிளஸ் கட்டாயம். 'ரிமோட் பிளஸ்' என்று எழுதியிருந்தால் உள்ளேயே இருக்கிறது, இல்லாவிட்டால் அடியில் கொழுவும் துண்டு வாங்க வேண்டும்.

பிற்சேர்க்கை: கிரிக்கெட் இல்லையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 'வடக்கின் பெரும் போர்' என்ற பாடசாலைக் கிரிக்கெட் போட்டி நடக்கிற ஊரில் கேட்காமல் விட்டால்தான் அதிசயம். ஆஷஸ் கிரிக்கெட் 2009 வீக்கும் வந்தது, ஆனால் நான் கண்ட டிஸ்க் எல்லாம் ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பதிப்புகள். கனடா வீக்காரர் பிக் பீச் ஸ்போர்ட்ஸ் தேடலாம், அதில் உள்ள ஆறு விளையாட்டில் கிரிக்கெட்டும் ஒன்று.

இன்னொரு பிற்சேர்க்கை: சென்சர் பாரின் வயரை எலி கடித்துவிட்டது என்று கோப்பாயில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். புதிது கிடைக்கும்வரை ரீவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தி வையுங்கள், ரிமோட்டுக்கு அதுவே போதும். 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் மிஞ்சியதை வைத்து நானும் செய்து பார்த்தேன், ஓடியது. ஃபானை மட்டும் நிறுத்திவிடுங்கள், சுடர் ஆடினால் திரையில் கையும் ஆடும்.