என்ரிகோ மத்தேயின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

தொழிலிலும் அரசியலிலும் ஒருசேர இயங்கிய ஒருவரைப் பற்றி எழுதுவோர், இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். இத்தாலிய எண்ணெய்த் துறை நிர்வாகி என்ரிகோ மத்தேய்க்கு அந்தப் பிரிவினை பொருந்தாது என்பதால், முதலில் ஒரே காலவரிசையைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

1906இல் அக்குவலான்யாவில் பிறந்தது, தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தது, மிலானில் சொந்தத் தொழில் நடத்தியது ஆகியவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பாசிச எதிர்ப்புப் போரில் கத்தோலிக்கப் போராளிகளின் தலைவர்களுள் ஒருவராக அவர் இருந்ததை மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்தச் செல்வாக்கே 1945இல் அஜிப் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தின் பொறுப்பை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது.

அந்த நிறுவனத்தைக் கலைத்துவிட வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவரோ வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில் எரிவாயு தேடித் துளையிடும் வேலையைத் தொடரச் செய்தார். குறிப்பின் மையம் இங்கேதான் இருக்கிறது. இதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள். 1948இல் கிறித்தவ ஜனநாயகக் கட்சியின் சார்பில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1953 பிப்ரவரியில் எனி என்ற அரசு எரிசக்தி நிறுவனத்தை உருவாக்கிய சட்டம், அந்தச் சமவெளியின் எரிவாயு உரிமையை அதற்கே வழங்கியது. அதன் தலைவரும் அவரே. அந்த ஆண்டிலேயே அவர் நாடாளுமன்றத்தை விட்டு விலகினார். இவற்றை அடுத்தடுத்து வைத்தாலே போதும், விளக்கவுரை தேவைப்படாது.

கட்சிகளை டாக்சியைப் போல் பயன்படுத்துவதாக அவர் கூறியதாக ஒரு கூற்று உலவுகிறது. சுவையானதுதான், ஆனாலும் 'சொன்னதாக வழங்குகிறது' என்றே எழுதுங்கள்.

1957இல் எனி ஈரானின் அரசு எண்ணெய் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தைக் கணக்காகவே விளக்குங்கள். இலாபத்தில் பாதி வரியாக ஈரான் அரசுக்குச் சென்றது. எஞ்சிய பாதியிலும் கூட்டுப் பங்காளி என்ற முறையில் ஈரானிய நிறுவனத்துக்குச் சரிபாதி கிடைத்ததால், மொத்தத்தில் 75 விழுக்காடு அந்நாட்டுக்கே சேர்ந்தது. பாதிக்குப் பாதி என்ற வழக்கத்தில் ஊறியிருந்த, அவர் 'ஏழு சகோதரிகள்' என்று அழைத்த பன்னாட்டு எண்ணெய்ப் பெருநிறுவனங்களின் சினத்துக்குக் காரணம் அப்போது தானே விளங்கும்.

1962 அக்டோபர் 27 அன்று கட்டானியாவிலிருந்து மிலான் சென்ற அவரது விமானம் பாஸ்கபே அருகே விழுந்து அவர் இறந்தார். முதல் விசாரணை கொலைச் சதிக்குச் சான்றில்லை என்றது. 1990களில் பாவியாவில் மீண்டும் தொடங்கிய விசாரணை விமானத்தில் வெடிபொருள் வைக்கப்பட்டிருந்ததாக முடிவு செய்தது. இரண்டையும் குறிப்பிடுங்கள், வைத்தவர் யாரென்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.