சிறிய வரவேற்பறைக்கு ஹோம் தியேட்டர் வாங்குமுன்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளின் சிறிய வரவேற்பறைக்கு, பின்பக்கம் ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லாதபோது, மலிவான 5.1 தொகுதியை (ஐந்து ஸ்பீக்கரும், பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூபரும்) விட, தனி சப்வூபர் கொண்ட 3.1 சவுண்ட்பாரே (இடது, நடு, வலது ஸ்பீக்கர்கள் அடங்கிய ஒரே நீளப் பெட்டி) பொருந்தும் என்பது என் கருத்து. வசனம் தெளிவாகக் கேட்பதற்கு நடு ஸ்பீக்கர்தான் உயிர். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ எண் ஒலித்திறனின் கணநேர உச்சத்தையே காட்டும் என்பதால், தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

வாங்குவதற்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் புறப்படுமுன், உங்கள் தொலைக்காட்சியின் பின்புறத்தில் ‘ஏஆர்சி’ என்று குறித்த எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால், தொலைக்காட்சியின் ஒலியைச் சவுண்ட்பாருக்குக் கொண்டுசெல்ல ஒரே எச்டிஎம்ஐ கேபிள் போதும். சப்வூபரை மூலையில் வைத்தால் பாஸ் தேவைக்கு மேல் பெருகி இரையும். சற்றுத் தள்ளி, தடித்த ரப்பர் விரிப்பின் மீது வைத்தால், கீழ்வீட்டுக்குச் செல்லும் அதிர்வும் குறையும்.