லின்ட் பிழை இருந்தால் பில்ட் நிற்க வேண்டும்: புதியவர்களுக்கான செய்முறை

குமுளி, கம்பம், போடி வட்டாரத்தில் ஏலக்காய் வியாபாரத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஒரே திரையைத் தமிழிலும் மலையாளத்திலும் காட்ட வேண்டும். அதற்கான சொற்களையெல்லாம் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் சேர்த்து வைப்போம். கோப்பு நீள நீள, மேலே ஏற்கெனவே இருக்கும் சாவியை (ஒரு சொல்லை அடையாளம் காட்டும் பெயரை) யாராவது கீழே மறுபடியும் எழுதிவிடுவார்கள். ஜாவாஸ்கிரிப்ட் வாய் திறக்காது. பின்னால் வந்ததை வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததை விட்டுவிடும். பில்ட், அதாவது நிரலைப் பயன்பாட்டுக்குத் தயாராகத் தொகுக்கும் வேலை, பிசகில்லாமல் முடியும். புற்றடி ஏலத்துக்குப் போகும் சரக்கின் ரசீதில் ‘மொத்த எடை’ வர வேண்டிய இடத்தில் ‘கழிவு எடை’ என்று அச்சாகும்.

நிரலை ஓட்டாமல், படித்து மட்டுமே பார்த்து இத்தகைய பிழைகளைச் சொல்லும் கருவிதான் லின்டர். பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் ஜான்சன் 1978-இல் சி மொழிக்காக எழுதிய லின்ட் இதற்கு முன்னோடி. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது ஈஎஸ்லின்ட். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: எட்டு மில்லிமீட்டர் சல்லடை ஏலக்காயின் பருமனைச் சொல்லும், மணத்தைச் சொல்லாது. லின்டும் அப்படித்தான். கமிஷன் கணக்கு சரியா என்பது அதற்குத் தெரியாது.

முதல் படி, நிறுவுதல். ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட், அதனுடன் வரும் பொதி நிறுவியான என்பிஎம் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன என்று கொள்கிறேன். திட்டக் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து, ‘என்பிஎம் இனிட்’ கட்டளையோடு ஈஎஸ்லின்ட் ஆவணம் தரும் கான்ஃபிக் பொதியின் பெயரைச் சேர்த்து இயக்குங்கள். சில கேள்விகள் கேட்கும், பதில் சொன்னால் அமைப்புக் கோப்பை அதுவே எழுதித் தரும். 2024-இல் வந்த ஈஎஸ்லின்ட் 9-ஆம் பதிப்பில் இந்தக் கோப்பின் வடிவமே மாறிவிட்டது. புள்ளியில் தொடங்கும் ‘ஈஎஸ்லின்ட்ஆர்சி’ கோப்பை உருவாக்கச் சொல்லும் பழைய விளக்கங்களைப் பின்பற்ற வேண்டாம். பில்ட் உருவாக்கும் ‘டிஸ்ட்’ கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்க்கவும் மறக்காதீர்கள். பரிந்துரை விதித்தொகுப்பே தொடக்கத்துக்குப் போதும். இரட்டைச் சாவியைப் பிடிக்கும் விதி அதிலேயே இருக்கிறது. சொற்கள் ஜேசன் கோப்பில் (தரவை மட்டும் வைக்கும் உரைக் கோப்பு) இருந்தால் மட்டும் தனிச் செருகுநிரல், அதாவது ஈஎஸ்லின்டோடு இணைக்கும் கூடுதல் பொதி, வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். திட்டத்தின் பொதிகளையும் கட்டளைகளையும் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் ‘லின்ட்’ என்றொரு வரியும், அதை அழைக்கும் ‘ப்ரீபில்ட்’ என்றொரு வரியும் சேருங்கள். பில்டை இயக்கும்போது அதற்கு முன் ப்ரீபில்டை என்பிஎம் தானாகவே ஓட்டும். ஈஎஸ்லின்ட் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: பிழை இல்லையென்றால் 0, பிழை இருந்தால் 1, அமைப்பிலேயே கோளாறு என்றால் 2. சுழியம் அல்லாத எது வந்தாலும் பில்ட் தொடங்காது. ஆனால் வெறும் எச்சரிக்கைகள் எத்தனை இருந்தாலும் திரும்பி வருவது 0தான். நூறு மஞ்சள் வரிகள் ஓடினாலும் பில்ட் நடக்கும், சில நாளில் யாரும் அவற்றைப் படிக்கவும் மாட்டார்கள். ஆகவே லின்ட் கட்டளையில் ‘மேக்ஸ் வார்னிங்ஸ்’ தெரிவைச் சேர்த்து அதற்கு 0 கொடுங்கள். நிறுத்தாத சோதனையால் பயனில்லை என்பது என் கட்சி. அவ்வளவு முக்கியமில்லாத விதி என்றால் அதை அணைத்துவிடலாமே.

பழைய திட்டத்தில் முதல் ஓட்டம் மிரட்டும். ‘ஃபிக்ஸ்’ தெரிவு சிலவற்றைத் திருத்தித் தரும், இரட்டைச் சாவியைத் தொடாது. எதை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். மிச்சம் மலைபோல இருந்தால் 9.24 பதிப்பிலிருந்து ‘சப்ரஸ் ஆல்’ என்ற தெரிவு இருக்கிறது. பழைய பிழைகளைத் தனிக் கோப்பில் குறித்து ஒதுக்கிவிட்டு, புதியவற்றுக்கு மட்டும் பில்டை நிறுத்தும்.

கடைசியாக, சேவையகம். உங்கள் கணினியில் மட்டும் சோதித்தால் அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர் இருப்பார். நிரலை கிட்ஹப் தளத்தில் ஏற்றும்போதெல்லாம் அங்கேயே கட்டளைகளை ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்சன்ஸில் நான்கு வேலைகள் போதும்: நிரலை எடுப்பது, நோடை அமைப்பது, ‘என்பிஎம் சிஐ’ கொண்டு பொதிகளை நிறுவுவது, பில்டை ஓட்டுவது. பிறகு முதன்மைக் கிளையின் (எல்லாருடைய மாற்றங்களும் கடைசியில் வந்து சேரும் நிரல் பிரதி) பாதுகாப்பு அமைப்பில் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள்.

ஒரு வரிக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டுமென்றால் மேலே ‘டிசேபிள் நெக்ஸ்ட் லைன்’ குறிப்பு எழுதலாம். விதியின் பெயருக்குப் பின் இரண்டு கோடுகள் இட்டுக் காரணத்தையும் எழுதுங்கள். தேவை தீர்ந்த பிறகும் அந்தக் குறிப்பு அங்கேயே கிடந்தால் 9-ஆம் பதிப்பு அதை எச்சரிக்கையாகக் காட்டும். எச்சரிக்கை வரம்பு சுழியம் என்பதால் அதற்கும் பில்ட் நிற்கும்.